மகன் ‘ஸ்பீடு வண்டி’ கேட்கிறானா? மயிலாப்பூர் தாத்தா வண்டியைப் பாருங்க!

தி.நகரில் கல்லாவில் உட்காரும் கடைக்காரராக இருக்கட்டும், எழும்பூர் ஆபீசில் பைல் புரட்டும் குமாஸ்தாவாக இருக்கட்டும். வீட்டில் இருபது வயதில் ஒரு பையன் இருந்தால் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும்.

“அப்பா, செகண்ட் ஹாண்டில் ஒரு கார் பார்த்து வெச்சிருக்கேன். வாங்கிக் கொடுத்துடுங்க. மத்ததை நானே டியூனிங் பண்ணிக்கிறேன்!”

டியூனிங் என்றதும் வீணைக்குச் சுருதி சேர்ப்பதோ என்று மயிலாப்பூர்க்காரர்கள் நினைத்துவிட வேண்டாம். கம்பெனி கொடுத்த இன்ஜினில் இன்னும் கொஞ்சம் சக்தியைக் கறப்பது, சைலன்சர் மாற்றுவது, ஸ்பிரிங்கை இறுக்குவது, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்துவது எல்லாம் சேர்ந்ததுதான் அது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் பறந்ததே, அதைப் பார்த்த பிறகு பையன்களுக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆசையில் தப்பில்லை. இந்த ஊருக்கு அது புதுசும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பித்தது 1953-ல். யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் சீறிய காலத்தை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். தப்பு எங்கே நடக்கிறது என்றால், எந்த வண்டியை வாங்குவது என்பதில்!

பையன்கள் பேர் பார்த்து வாங்குகிறார்கள். நான் சொல்கிறேன், எந்தக் கார் என்பது இரண்டாவது கேள்வி. அதுவரைக்கும் யார் கையில் இருந்த கார் என்பதுதான் முதல் கேள்வி.

“எல்லாம் போட்டாச்சு சார்!”

புரோக்கர் என்ன சொல்வார் தெரியுமா? “தம்பி, இதுல எல்லா வேலையும் ஏற்கெனவே போட்டாச்சு. பெரிய சைலன்சர், ஃப்ரீ-ஃப்ளோ ஃபில்டர், கம்ப்யூட்டர் மேப்பிங். போன ஓனர் இதுக்குள்ளே லட்சக்கணக்கில் இறக்கியிருக்கார். உங்களுக்கு எல்லாம் ஓசி!”

ஓசியா அது? போன ஓனர் கழற்றி எறிந்த ஆசையின் மிச்சம்!

ஒரு இன்ஜினை வடிவமைக்கிறவர்கள் அதன் தாங்கும் சக்தியில் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் வெளியே விடுவார்கள். மே மாத வெயில், மட்ட பெட்ரோல், ஆயில் மாற்ற மறந்துபோகிற ஓனர், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திருப்பதி போகிற குடும்பம், இத்தனைக்கும் ஈடு கொடுக்க வேண்டுமே! டியூனிங் என்பது அந்த மிச்சத்தை எடுத்துச் செலவு செய்வது. உங்களுக்கு முன்னால் ஒருவர் அதைச் செலவழித்துவிட்டுப் போயிருந்தால், காலிப் பர்ஸை வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

அவர் என்னென்ன செய்தார், யாரிடம் செய்தார், எத்தனை தடவை சிவப்புக் கோட்டைத் தாண்டி மிதித்தார் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. ‘போட்ட’ வண்டியை வாங்காதீர்கள். ‘போடாத’ வண்டியை வாங்குங்கள். என் கட்சி இதுதான்.

போடாத வண்டி எங்கே கிடைக்கும்? மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு காந்தி நகர், மேற்கு மாம்பலம் பக்கம் நடந்து பாருங்கள். போர்ட்டிகோவில் துணி போர்த்தி நிற்கும். ஓனர் பாங்கியிலோ ஏ.ஜி. ஆபீசிலோ இருந்து ரிட்டயர் ஆனவர். கபாலி கோயிலுக்கும், டிசம்பரில் கச்சேரிக்கும், வருஷத்துக்கு ஒருதரம் கும்பகோணத்துக்கும் போன வண்டி. நாலாயிரம் ஆர்.பி.எம்.மைத் தாண்டியதே இருக்காது. சர்வீஸ் பில் ஒவ்வொன்றையும் தேதி வாரியாக ஆணியில் குத்தி வைத்திருப்பார். பையன் அமெரிக்காவில், வண்டி ஓட்ட ஆளில்லை. அந்தத் தாத்தாவிடம் “சார், உங்க வண்டியைக் கொடுக்கிற எண்ணம் உண்டா?” என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். முகம் பார்த்துத்தான் கொடுப்பார். தலையை வாரிக்கொண்டு போங்கள்!

அதற்காகத் தாத்தா வண்டி தங்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. ஓடாமல் நிற்கிற வண்டிக்கும் வியாதி உண்டு. ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும். டாங்கின் அடியில் துரு இறங்கியிருக்கும். டைமிங் பெல்ட் அதிகம் ஓடவில்லை என்றாலும் வயசினாலேயே விரிசல் விட்டிருக்கும். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து ஹெட் போய்விடும். வயரைக் கடிக்கிற எலி வேறு! டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், பாருங்கள். 3517 என்று இருந்தால் 2017-ம் வருஷம் 35-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த டயரைக் கழற்றிப் போட வேண்டியதுதான்.

இவையெல்லாம் காசு கொடுத்தால் தீருகிற வியாதிகள். அடுத்ததாகச் சொல்லப் போகும் வியாதி தீராதது.

தண்ணி குடித்த வண்டி

2015 டிசம்பர் 1-ந் தேதி ராத்திரியை மறந்துவிட்டீர்களா? அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கிய ராத்திரி. அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு மிதந்த காட்சியை ஊரே பார்த்தது.

அந்தக் கார்களெல்லாம் எங்கே போயின? எல்லாமே பேரீச்சம்பழத்துக்குப் போய்விடவில்லை. இன்சூரன்ஸ்காரர் முழு நஷ்டம் என்று எழுதித் தள்ளிய வண்டி ஏலத்தில் போகும். வாங்கியவர் கழுவி, துடைத்து, சீட் உறை மாற்றி, சென்ட் அடித்து நிறுத்துவார். விலை மட்டும் கொஞ்சம் சலுகையாக இருக்கும். அந்தச் சலுகையைப் பார்த்ததும் நமக்குப் புத்தி மழுங்கிவிடும்.

சாதாரணமாக ஓட்டுகிறவருக்கே இது தலைவலி. டியூனிங் செய்கிறவருக்கோ கேன்சர். ஏனென்றால் இன்றைய வண்டியில் சக்தியைக் கூட்டுவதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகவும் சென்சார் வழியாகவும்தான். வயர் கூடும் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு ஏறியிருந்தால், சென்சார் ஒரு சேதி சொல்லும், கம்ப்யூட்டருக்கு வேறு சேதி போகும். இன்றைக்கு நன்றாக ஓடும். நாளைக்கு ஸ்பென்சர் சிக்னலில் நின்றுவிடும். எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்கிற வழி என்ன? சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். யாரும் அங்கே கழுவ மாட்டார்கள். சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். தரை விரிப்பைத் தூக்கி அடியில் கை வையுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு? ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் வண்டல்? ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே டிகிரி காபி நிறத்தில் நுரை இருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். காபி வாசனை வராது. பர்ஸ் காலியாகும் வாசனை வரும். அந்த நம்பருக்கு 2015, 2023 டிசம்பர்களில் இன்சூரன்ஸ் கிளெய்ம் உண்டா என்று விசாரிக்கவும் மறக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போய் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டருக்கும் நாலு எண் வரும். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அரை மணி நேர வேலை இது. இதற்குச் சம்மதிக்காத புரோக்கரிடம் பேச்சே வேண்டாம்.

சரி, எந்த வண்டி?

பேரைப் பார்த்து ஏமாறுவதற்கு நம்ம மெட்ராஸிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1985-ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று ஒரு கார் விட்டது. இங்கிலாந்து ரோவரின் உடம்பு. அங்கே அந்த உடம்புக்குள் 3500 சி.சி., எட்டு சிலிண்டர் இன்ஜின் கூட இருந்தது. இங்கே உள்ளே வைத்தது பழைய வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின்! பார்த்தால் ராஜா, மிதித்தால் மாட்டு வண்டி. சில வருஷத்தில் கம்பெனி காரை நிறுத்திவிட்டது. அதே காலத்தில் பெங்களூர் சிபானியின் டால்ஃபின் என்ற சின்னக் கார் வந்தது. 848 சி.சி.தான். ஃபைபர் உடம்பு, பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் எடை குறைவு. பந்தயக்காரர்கள் அதைத்தான் தேடிப் போனார்கள்.

சக்தியைக் கூட்டுவதற்குக் காசு வேண்டும். எடை குறைந்த வண்டியாகப் பார்த்து வாங்கினால் அந்தக் காசில் பாதி மிச்சம்.

அதனால்தான் என் பட்டியலில் முதலில் வருவது மாருதி எஸ்டீம். 1994-ல் வந்தது. 1999-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் 85 குதிரைசக்தி. ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அதே குடும்பத்து 1300 சி.சி. இன்ஜின்தான் ஜிப்ஸியிலும், 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியிலும். ஆகவே புதுப்பேட்டையில் இதன் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. தேசியப் பந்தயத்தில் ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 வண்டிகளுக்கே ஸ்விஃப்ட்டின் 1300 சி.சி. இன்ஜின்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்டீமில் நல்ல உடம்பு கிடைப்பதுதான் கஷ்டம், துரு தின்றிருக்கும். கிடைக்காவிட்டால் முதல் ஸ்விஃப்ட்டே போதும்.

பையன்கள் உயிரை விடுகிற வண்டி பழைய ஹோண்டா சிட்டி. 1998-ல் வந்தது. 2000-ல் வந்த வீ-டெக் ரகத்துக்கு 106 குதிரைசக்தி. அந்தக் காலத்தில் 1500 சி.சி.யில் இது பெரிய விஷயம். மிதிக்க மிதிக்கக் கூவிக்கொண்டே ஏறும். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2003-ல் நின்றுபோன வண்டி. நல்லதாக மிஞ்சியிருப்பது ரொம்பக் கொஞ்சம், மிஞ்சியதில் பெரும்பாலும் ‘போட்ட’ வண்டி. தரையோடு தரையாக வேறு இருக்கும். மந்தைவெளி ஸ்பீடு பிரேக்கர்களில் அங்கப்பிரதட்சணம் செய்ய வேண்டியதுதான்! இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தக் காருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பழைய இன்ஜினை ஏற்றிவிட்டு, பதிவு செய்யாமல் தள்ளிவிடுகிற ஆட்கள் உண்டு.

நம்ம மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு ஐகான் 1.6 இருக்கிறது. 1999-ல் வந்தது. திடமான உடம்பு, நல்ல திருப்பம், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். மவுசு இல்லாததால் மலிவு. ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஸ்பேருக்கு அலையத் தயார் என்றால் வாங்கலாம். ஃபியட் பாலியோ 1.6-க்கும் இதே கதைதான். நூறு குதிரைசக்தி, ஆசைக்கு ஏற்ற வண்டி. உறுப்பு கிடைப்பதற்குள் தாடி வளர்ந்துவிடும்.

கொஞ்சம் காசு கூட இருக்கிறவர்கள் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. பக்கம் போவார்கள். 2013-ல் வந்தது, டர்போ, 105 குதிரை. லேப்டாப்பை மாட்டிக் கணக்கைத் திருத்தினாலே சக்தி கூடிவிடும் என்பதால் பையன்களுக்கு வாயில் ஜொள்ளு. ஆனால் அதன் கியர் பாக்ஸ் இரட்டை கிளட்ச், அதுவும் உலர் கிளட்ச். ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். சாயங்காலம் ஆறு மணிக்கு உஸ்மான் ரோட்டில் ஊராமல் வேறென்ன செய்வது? இந்த ரக கியர் பாக்ஸுக்காக 2013-ல் சீனாவில் லட்சக்கணக்கான வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. போலோதான் வேண்டும் என்றால், 2020-ல் வந்த 1.0 டர்போவில் கையால் கியர் போடுகிற வண்டியைத் தேடுங்கள். போலோ 2022-ல் நின்றது. அதனால் இன்னும் சில வருஷம் ஸ்பேருக்குக் கவலை இல்லை.

முதல் செலவு பிரேக்குக்கு!

கையில் நாலு ரூபாய் இருந்தால் இரண்டு ரூபாய்க்கு வண்டி வாங்குங்கள். மிச்சம் இரண்டு வண்டிக்குள் போகும். அந்த இரண்டையும் இன்ஜினில் போடுகிறவன் முட்டாள்.

மணிக்கு 60 கிலோ மீட்டரில் போகிற வண்டியை நிறுத்துவதைவிட, 85-ல் போகிற வண்டியை நிறுத்த பிரேக்குக்கு இரண்டு மடங்கு வேலை. வேகம் கூடியது பாதிக்கும் குறைவு, வேலை இரட்டிப்பு! பத்து வருஷப் பழைய பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுத்து வைத்திருக்கும். பிரேக் சூடேறினால் அந்த ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். எதிரே பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் ரோட்டைக் கடக்கும்போது அப்படி ஆனால்? நினைக்கவே அடிவயிறு கலங்குகிறது.

முதலில் பிரேக், டயர். பிறகு ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், ரேடியேட்டர், ஹோஸ் பைப். இதற்குப் பிறகு வண்டியை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். “அப்பா, இதுவே போதும் போலிருக்கே” என்று பையன் சொன்னாலும் சொல்வான். கம்பெனி கொடுத்த சக்தியே முழுசாக அப்போதுதான் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

இன்னொரு சங்கதி பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கொஞ்சம் அதிகமாக எரிபொருள் கொடுக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். முழுசாக மிதிக்கும்போது பழைய வண்டியின் கம்ப்யூட்டர் மனப்பாடக் கணக்கில்தான் ஓட்டும். கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டன் பழுக்கும். பத்து வருஷத்துக்கு முந்திய மேப்பிங்கை யாராவது விற்றால் வாங்காதீர்கள். பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள்.

கோர்ட் என்ன சொல்லியிருக்கு?

“என் வண்டி, என் காசு, யார் கேக்கிறது?” என்று பையன் சொல்வான். கேட்பார்கள் தம்பி! கம்பெனி பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நாலு மாற்றம் என்றால் இருபதாயிரம்! இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் இன்ஜினை மாற்றி வைத்திருந்தால், விபத்து நடந்த பிறகு அவர்கள் கையை விரிக்க இடம் கொடுத்த மாதிரி.

வண்டிக்கு வயசு 15 ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம். 2022 ஏப்ரலில் இருந்து அதற்குக் கட்டணம் 5,000. இருபது வயசைத் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். சிட்டி வீ-டெக் வாங்குகிறவர்கள் இந்தப் பத்தாயிரத்தையும் முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டும்போது வண்டி பதிவில் உள்ளபடி இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு டியூனிங் வண்டியை எங்கேதான் ஓட்டுவது? கிழக்குக் கடற்கரைச் சாலையிலா? பெசன்ட் நகர் பீச் ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கா? அங்கே குடியிருக்கிறவர்களும் நம்மைப் போல் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள்தானே! பட்டாசு வெடிக்கிற சைலன்சரை மாட்டிக்கொண்டு தூங்குகிற குழந்தையை எழுப்புகிறவனை எனக்குப் பிடிக்காது. போலீஸ் வண்டியைப் பிடுங்கினால் நான் பரிதாபப்பட மாட்டேன்.

இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து பந்தயப் பாதை இருக்கிறது. சுமார் 3.7 கிலோ மீட்டர் சுற்று. கோயமுத்தூர் கரிவரதன், மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து ஒரு சின்ன ஒற்றை ஆள் பந்தயக் காரைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பேர். காய்கறி வாங்கப் போகிற காரின் இன்ஜின்! அந்த வண்டியில் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார்.

வண்டி வாங்கப் பணம் எடுப்பதற்கு முன்னால், பந்தயம் நடக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். காலரியில் உட்கார்ந்து பார்த்தது போதும் என்று, வண்டிகளைப் பிரித்துப் போட்டு வேலை செய்கிற பக்கம் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். எந்த வண்டிகள் வந்திருக்கின்றன, எது மதியத்துக்குள் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது, எந்த உறுப்பை ஆளுக்கு இரண்டு செட் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மெக்கானிக் அண்ணன்மாரிடம் “அண்ணே, நீங்களாயிருந்தா எதை வாங்குவீங்க?” என்று அவனே கேட்கட்டும். புரோக்கரைப் பார்க்கிறது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.